திருவக்கரை: வேரும் கிளையும் இல்லாத கல்மரங்கள்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள திருவக்கரை, வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டரில் செம்மண் மேட்டில் இருக்கிறது தேசியக் கல்மரப் பூங்கா. பரப்பு 247 ஏக்கர். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-இல் இங்குள்ள கல்மரங்களை, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரங்களைப் பற்றிக் குறித்து வைத்தார். மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் நேராகப் பெரிய மரத்திடம் ஓட வேண்டாம். முதலில் வேர், கிளை, இலை எங்காவது தென்படுகிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்காது. 3 முதல் 15 மீட்டர் நீளத்துக்கு வெறும் அடிமரங்கள்தான் படுத்துக் கிடக்கின்றன. இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தவை என்று கருத அதுவே முதல் தடயம். இந்த ஒன்றைக் கண்டுகொண்டாலே வந்த பயணம் வீண் இல்லை.

அடுத்து, திசைகாட்டியை வைத்து மரங்கள் கிடக்கும் திசையைக் குறிக்கலாம். ஆற்றோட்டத்தில் வரும் கட்டைகள் பெரும்பாலும் ஒரே போக்கில் படியும். ஆனால் பாதி புதைந்து கிடப்பவற்றை மட்டும் அளக்க வேண்டும். தனியாகக் கிடக்கும் துண்டுகள் பின்னாளில் புரண்டிருக்கலாம்.

வெட்டுமுகத்தைப் பார்க்க 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது இழையோட்டம் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். வளையங்களை எண்ணி மரம் வாழ்ந்த ஆண்டுகளைச் சொல்வதில் கவனம் தேவை: வெப்பமண்டல மரங்கள் பல, ஆண்டுக்கு ஒரு வளையம் என்ற கணக்கில் வளர்வதில்லை. 2 கோடி என்பது புதைந்த காலம், அதை வளையத்தில் தேடக் கூடாது. சுரண்டிப் பார்ப்பதும் சில்லு எடுப்பதும் கூடவே கூடாது.

“மரம் கல்லாக மாறியது” என்று தேர்வில் எழுதுவது பாதி உண்மைதான். மணலுக்கடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் மரம் சீக்கிரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் உள்ள கனிமம்) மரத்தின் செல்களின் உள்ளே படிந்து, மெல்ல மெல்ல மரப்பொருளின் இடத்தையும் பிடித்தது. செம்பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வந்தது.

திரும்பியதும் வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். 100 மில்லி வெந்நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, விரலளவு ஸ்பஞ்சை அதில் பிழிந்து பிழிந்து ஊறவையுங்கள். காற்று உள்ளேயே நின்றால் நடுவில் உப்பு ஏறாது. பிறகு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் உப்பு பெரும்பாலும் மேலேயே பூத்துவிடக்கூடும். காய்ந்ததும் குறுக்கே வெட்டி, துளைகளுக்குள் உப்பு படிந்திருப்பதை அதே கைலென்ஸில் பார்க்கலாம். ஸ்பஞ்சு அப்படியே இருக்கும், துளைதான் நிரம்பியிருக்கும். திருவக்கரையில் நடந்ததில் முதல் பாதி இது; மரப்பொருளின் இடத்தையே சிலிக்கா பிடித்தது மறுபாதி.