அப்பாவின் பேஜ்மேக்கர், என் லினக்ஸ் மின்ட்

2025 அக்டோபர் 18, சனி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது. என் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும்போது தூக்கிப்போட மனம் வரவில்லை. காலையில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். வைஃபை, ஒலி எல்லாம் தானாக வந்துவிட்டன.

இரண்டு கவலைகள்தான் பாக்கி. தீபாவளிக்கு வந்திருக்கும் அக்கா மகனுக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டு வேண்டும். அப்பாவுக்குப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வேண்டும். இரண்டும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை.

அக்டோபர் 19, ஞாயிறு

விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் ஸ்டீம் செயலியை நிறுவி, விளையாட்டின் அமைப்பில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட வைக்கும் கருவி அது. 'பிளே' அழுத்தினால் ஒரு நொடி 'ஸ்டாப்' என்று மாறுகிறது, மறுபடி 'பிளே' ஆகிவிடுகிறது. பிழைச்செய்திகூட இல்லை. ஒன்றரை மணி நேரம் தேடினேன்.

காரணம், விளையாட்டை நான் பழைய விண்டோஸ் பகுதியிலேயே விட்டிருந்தது. அது என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு போலி சி டிரைவ் உண்டாக்கி, 'சி' எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்த்த பெயரில் ஓர் இணைப்பு வைக்கும். என்டிஎஃப்எஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதிக்கு மாற்றியதும் ஓடிவிட்டது. என்டிஎஃப்எஸ்-இல் விளையாட்டு வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

அக்டோபர் 20, தீபாவளி

வெடி முடிந்து வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் திக்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. "சித்தி, உள்ளே விண்டோஸே இல்லையா?" என்று கேட்டான்.

இல்லை. புரோட்டானுக்கு அடியில் இருப்பது ஒயின். விளையாட்டின் கட்டளைகளைக் கணினியின் பிராசஸர் நேரடியாகவே இயக்குகிறது. 'இந்தக் கோப்பைத் திற', 'ஒரு சாளரம் கொடு' என்று நிரல் விண்டோஸைக் கேட்கும் இடத்தில்தான் ஒயின் குறுக்கே வந்து, லினக்ஸிடம் அதே வேலையை வாங்கிக் கொடுக்கிறது. முப்பரிமாணப் படங்களுக்கு டிஎக்ஸ்விகே இருக்கிறது. விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்3டி அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற வரைகலை முறைக்கு மாற்றுவது அதன் வேலை. 2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் இவற்றைச் சேர்த்துப் புரோட்டானாக வெளியிட்டது. ஆனால் ஒயின் 1993-லிருந்தே வளர்கிறது. 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் அதை வழிநடத்துகிறார். 1.0 பதிப்புக்கே 2008 வரை ஆனது. பதினைந்து வருடப் பொறுமை! நினைத்தாலே எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

அவன் கேட்ட இன்னொரு விளையாட்டு நடக்காது. நண்பர்களோடு இணையத்தில் சுடுவது அது. அதன் ஏமாற்றுத் தடுப்பு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்காரும் வகை. இங்கே அந்தக் கெர்னலே இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு தடுப்பு மென்பொருள்களும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன, ஆனால் அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் அனுமதித்தால்தான் உண்டு. பாவம், முகம் வாடிவிட்டது.

அக்டோபர் 25, சனி

இன்று பேஜ்மேக்கர் 7. அப்பா புதுக்கோட்டையில் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும்) கடை வைத்திருந்த காலத்தது. 2001-இல் வந்த மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் அந்தக் கோப்புகளுக்குள் இருக்கின்றன.

இதற்கென்று ஒயினில் தனிப் பிரிஃபிக்ஸ் ஒன்று உண்டாக்கினேன். தனியாக ஒரு சி டிரைவும், அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியும் அடங்கிய அடைவு அது. ஒன்றில் பழுது வந்தால் மற்றதைத் தொடாது. ஒயின் அமைப்பில் விண்டோஸ் எக்ஸ்பி என்று வைத்து நிறுவினேன். திறந்தது. ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

அப்பா பார்த்ததும் சொன்னார்: "எழுத்துரு இல்லம்மா, பாமினியைப் போடு."

அவர் சொன்னது சரி. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் 'தமிழ்'. எழுத்துரு இல்லாவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகளே வெளியே வந்து நிற்கும். பாமினி கோப்பை அந்த சி டிரைவின் ஃபான்ட்ஸ் அடைவில் போட்டு, நிரலை மூடித் திறந்தேன். வரி வரியாகத் தமிழ் வந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

அச்சு முதலில் வரவில்லை. அச்சுப்பொறிக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவக் கோப்பாக அச்சிட்டு, லினக்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் வழியாகப் பிடிஎஃப் ஆக்கினேன். எழுத்து ஒன்றுகூடச் சிதறவில்லை.

அப்பா மாலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ஆண்டு மலர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் உரையில் ஓரிடத்தில் 'முயற்ச்சி' என்று இருந்தது. "அப்பவே அச்சாகிப் போயிடுச்சு" என்றார். விசைப்பலகையைப் பார்க்காமலே ச்-ஐ எடுத்துவிட்டுச் சேமித்தார். அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போனார்.