டர்பனில் சுண்டெலி ஆய்வுக்கு அனுமதி வாங்கப் போகிறவர்களுக்கு

அனுமதிக் கடிதங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆனால் முதல் தொகுதிச் சுண்டெலிகள் உயிரோடு இல்லை. ஆறு வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்க வேண்டிய ஆய்வு இது. கடிதம் தயார் என்று வாய்மொழியாக உறுதி சொல்லப்பட்டது, விலங்குகளும் வளர்க்கப்பட்டன. பிறகு அந்தக் கடிதம் ஓர் அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் கிடந்தது. கேட்டபோதெல்லாம் எழுத்தர் சொன்ன பதில் ஒன்றுதான்: “ஃபைல் மேசையில் இருக்கிறது.” அதற்குள் வயது தாண்டிவிட்டது. எடுத்துக்கொள்ள வேறு ஆய்வும் இல்லாததால் அவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. ஒரு கையெழுத்துக்காக இத்தனை உயிர் வீணானதை இன்னும் ஏற்க முடியவில்லை.

ஆகவே முதல் எச்சரிக்கை: கையெழுத்தும் தேதியும் உள்ள கடிதம் வராமல் ஒரு விலங்குக்கும் ஆர்டர் போடாதீர்கள். இரண்டாவது, விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேருங்கள். தேதி தள்ளிப்போனால் இந்த விலங்குகளை ஒப்புதல் பெற்ற வேறு ஆய்வுக்கோ பயிற்சிக்கோ மாற்றலாம் என்று அதில் இருக்கட்டும். இரண்டாம் தொகுதிக்கு இதைக் கேட்டோம், விலங்கு ஆய்வுகளை மதிப்பிடும் எதிக்ஸ் கமிட்டி மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

எந்தெந்தத் தாள் வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி ஆய்வுக்கு அரசிடம் பெறும் அனுமதி சிக்கலில்லாமல் வந்தது. பலரும் கடைசிக்குத் தள்ளுவது கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரத்தைத்தான். அது ஆய்வுக்குக் கிடைப்பதல்ல, ஆளுக்குக் கிடைப்பது. எந்த விலங்கில் எந்தச் செயல்முறை என்பதும் அதில் குறிக்கப்படும். வால் இரத்தக் குழாயில் ஊசி போட அங்கீகாரம் உள்ளவர் அதைக் காட்டி அறுவையில் கை வைக்க முடியாது. பயிற்சிச் சான்றை முதல் நாளே சேகரிக்கத் தொடங்குங்கள். காவடிக்கும் தீபாவளிக்கும் நம் ஆட்கள் விடுப்பு எடுப்போம். விலங்குகளைத் தினமும் பார்க்க வேண்டும், ஊசி நாளும் தள்ளிப்போகாது. மாற்றாக நிற்பவருக்கும் அதே அங்கீகாரம் இருந்தாக வேண்டும். டிசம்பர் நடுவில் அலுவலகங்கள் மூடினால் ஜனவரி வரை எதுவும் நகராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எதிக்ஸ் கமிட்டியிடமிருந்து விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே இடத்தால்: விலங்கின் வேதனையை எந்தக் கட்டத்தில் நிறுத்துவோம் என்ற அட்டவணை. “எடை 20 சதவீதம் குறைந்தால் கருணைக்கொலை” என்று மட்டும் எழுதினால் கேள்வி வரும், வரவும் வேண்டும். கட்டி ஆய்வில் கட்டியின் எடையும் தராசில் சேர்கிறது. சுண்டெலி எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்க, தராசு அதே எண்ணைக் காட்டும். அதனால் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் விரலால் தடவி 1 முதல் 5 வரை மதிப்பிடும் உடல்நிலை அளவையும் சேருங்கள். 2க்குக் கீழே போனால் நிறுத்தம் என்று தெளிவாக எழுதுங்கள். வலிக்கு முகக்குறி அளவை இருக்கிறது: சுருங்கிய கண், புடைத்த மூக்கும் கன்னமும், பின்னால் சாய்ந்த காது, மீசையின் நிலை. யார், எந்த நேரத்தில் பார்ப்பார், எந்த மதிப்பெண்ணில் வலிமருந்து என்பதையும் அதே அட்டவணையில் வையுங்கள்.

எடுக்கப்போகும் இரத்தத்தின் அளவும் அடிக்கடி மாட்டும். 25 கிராம் சுண்டெலியின் உடலில் மொத்தமே ஏறக்குறைய 1.8 மில்லிலிட்டர்தான். ஒரே தடவையில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.18 மில்லிலிட்டருக்கு மேல் கேட்காதீர்கள். குறைந்த சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரிக்கும் தெளிநீரில்) வேலை செய்யும் பரிசோதனைக் கிட்டைத் தேடுவதே சரி.

வாலைப் பிடித்துத் தூக்குவோம் என்று எழுதவே எழுதாதீர்கள். 2010இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அதை நியாயப்படுத்த வழியில்லை. குழாய்க்குள் நுழைய விட்டோ குவித்த கையில் ஏந்தியோ தூக்கினால் பதற்றம் தெளிவாகக் குறைகிறது. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் விட்டமும் 13 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒளிபுகும் குழாய் போதும். கூண்டுக்கு ஒன்றை உள்ளேயே விட்டுவைத்தால் இன்னும் நல்லது. ஆண் சுண்டெலிகள் சண்டையிட்டால், கூண்டு மாற்றும்போது கூடு கட்டும் பழைய பொருளைக் கொஞ்சம் எடுத்துப் புதிய கூண்டில் வையுங்கள். சிறுநீர் ஊறிய மரத்தூளைப் புதிய கூண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்; அது சண்டையைக் கூட்டும்.

மின்வெட்டுத் திட்டத்தை இங்கே ஒரு வரியில் முடிக்க முடியாது. காற்றோட்டக் கூண்டு அடுக்கின் மோட்டார் நின்றால் மூடிய பெட்டிக்குள் கரியமில வாயுவும் ஈரப்பதமும் ஏறும். டர்பன் கோடையில் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் பிடிக்கும், பிடிக்காவிட்டால் மூடியைத் திறக்க யார் வருவார் என்று எழுதுங்கள். ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் நம் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பலாம், சுண்டெலிக்கு அது நன்றாகவே கேட்கும். வௌவால் ஒலி அறியும் கருவி ஒன்றை இரவல் வாங்கி அறையைச் சோதியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அங்கே மாதக்கணக்கில் குழாய்நீர் வராமல் போனது நினைவிருக்கும். சேமித்த குடிநீரும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

விலங்குகள் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக வந்தால், குளிரூட்டிய வண்டி, பெட்டிக்குள் நீர் ஜெல், கூடு கட்டும் பொருள் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வந்து ஒரு வாரம் கழியும்வரை எந்தச் செயல்முறையும் வேண்டாம். அந்த வாரத்தையும் சேர்த்தே வயதைக் கணக்கிட்டு ஆர்டர் போடுங்கள்.