ஃபார்மட் போட்டும் போகாத ஷார்ட்கட் வைரஸ்

பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள், ஒவ்வொன்றும் 1 கேபி, 2 கேபி. ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் எடுத்துப் போய் வந்தவர்களுக்கு இதைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது மகளின் இன்ஜினியரிங் கவுன்சிலிங் சமயத்தில். வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் பிரின்ட் எடுக்கப் போன பென்டிரைவ் திரும்பி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏறியது, அன்று சாயங்காலமே எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் இதே கதை. டெலீட் செய்தால் கண்ணெதிரே மறுபடி முளைக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டத்தில்தான் பலர் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். உங்கள் ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை. வைரஸ் அவற்றை 'மறைவு', 'சிஸ்டம் ஃபைல்' என்று குறிவைத்து மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற இடத்தைப் பாருங்கள். ஒரு நீளமான கட்டளை இருக்கும்: முதலில் ஒரு விபிஎஸ் ஃபைலை (விண்டோஸ் நேராக ஓடவிடும் சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல்) ஓடவிடு, பிறகு உண்மையான ஃபோல்டரைத் திறந்து காட்டு. ஃபோல்டர் வழக்கம்போலத் திறப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே போதும், ஆட்டோரன் மூலம் வைரஸ் தானாக ஏறிவிடும். 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் அனுப்பி அந்த வழியை அடைத்த பிறகு, நம் கையாலேயே டபுள் கிளிக் செய்ய வைக்கிற இந்தத் தந்திரம்தான் கொடிகட்டிப் பறக்கிறது.

சர்டிஃபிகேட் அப்லோடுக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் பக்கத்து சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்பே, "ஃபார்மட்தான் சார். இதெல்லாம் வேற எதுலயும் போகாது" என்று சொல்லிவிட்டார். பேக்கப் எடுக்க என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கையே கொடுத்தேன். அவர் அதை அதே கம்ப்யூட்டரில், வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகி, போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் காப்பி செய்தார். இது நினைவில் இருக்கட்டும். சாயங்காலம் புது விண்டோஸ், 'ஃபுல் வெர்ஷன்' ஆன்டிவைரஸ் என்று கைக்குக் கொடுத்தார், பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 'குடும்ப போட்டோ' ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 2 கேபி ஷார்ட்கட். எத்தனையோ வருடத்துப் படங்கள், 2 கேபி. நடந்தது இதுதான்: பேக்கப் எடுக்கச் செருகிய உடனே வைரஸ் ஹார்ட் டிஸ்கிலும் ஏறி, காப்பியான ஃபோல்டர்களை மறைத்து ஷார்ட்கட் போட்டுவிட்டது. ஃபார்மட் முடிந்ததும் தம்பி அந்த ஷார்ட்கட்டுகளைத்தான் புது விண்டோஸுக்குக் காப்பி செய்திருக்கிறார். நடுவில் ஒன்றைத் திறந்தும் பார்த்திருப்பார் போல, புது விண்டோஸிலும் வைரஸ் ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்து கேட்டதற்கு, "ஹார்ட் டிஸ்க்ல என்ன இருந்துச்சோ அதைத்தான் சார் போட்டோம்" என்றார். வாஸ்தவம்தான்.

இனி அங்கே போவதில்லை என்று முடிவுசெய்து நானே உட்கார்ந்தேன். மகளின் அப்லோடை அவளுடைய ஃபிரெண்டு வீட்டில் முடித்துவிட்டோம், அந்தப் பதற்றம் போனதே பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஆட்டோரன்ஸ் என்கிற இலவசக் கருவி. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது, மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே கிடைக்கும். வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாகத் தொடங்குகிற அத்தனையையும் ஒரே பட்டியலில் காட்டும். மைக்ரோசாஃப்ட் தொடர்பானவற்றை மறைக்கும் வசதி அதில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். மிச்சத்தில் திருடன் பளிச்சென்று தெரிந்தான்: ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு விபிஎஸ் ஃபைல், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் அதே பெயர், அப்புறம் குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்கைப்' என்று நல்ல பிள்ளை மாதிரி ஒரு பெயர். எங்கள் கம்ப்யூட்டரில் ஸ்கைப்பே கிடையாது. அதைத் திறந்தால், ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் ஃபோல்டரில் கிடக்கும் அதே விபிஎஸ் ஃபைலை 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடச் சொல்லியிருந்தது.

மூன்றையும் அழித்தேன். பட்டியலைப் புதுப்பிக்க எஃப்5 அழுத்தினேன். ரன் பகுதியும் ஸ்டார்ட்அப்பும் திரும்ப வந்து நின்றன.

இங்கேதான் நெடுநேரம் மண்டை காய்ந்தது. காரணம் எளிமையானது, ஆனால் எந்த யூடியூப் வீடியோவிலும் இதை அழுத்திச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் தன் பெயர் அந்தந்த இடத்தில் இருக்கிறதா என்று சில நொடிகளுக்கு ஒருமுறை சரிபார்த்து, இல்லாவிட்டால் தானே எழுதிவிடும். அதனால் வரிசை முக்கியம். முதலில் நெட்டைப் பிடுங்குங்கள். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய் 'டபிள்யூஸ்கிரிப்ட்' (விபிஎஸ் ஃபைல்களை ஓடவிடும் விண்டோஸ் நிரல்) என்று ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகுதான் ஷெட்யூலரில் உள்ளது, அடுத்து ரோமிங்கிலும் தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப்பிலும் ஸ்டார்ட்அப்பிலும் உள்ள ஃபைல், கடைசியாக ரெஜிஸ்ட்ரி. நடுவில் டீ குடிக்கப் போகாதீர்கள், அந்த 30 நிமிடக் கணக்கு எப்போது முடியும் என்று தெரியாது.

இந்த வரிசையில் செய்தபோது எதுவும் திரும்பவில்லை. ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன், வரவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் என்னைப் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, விண்டோஸிலேயே டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம். கடையில் போட்டுத் தந்த 'ஃபுல் வெர்ஷன்' ஆன்டிவைரஸ் கிராக் செய்தது, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. வேறொரு ஆன்டிவைரஸ் வந்து உட்கார்ந்தால் டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கிராக்கைப் போடுவதற்காக அதற்கு முன்பே டிஃபென்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்திருந்தார்கள், அதாவது 'இந்த டிரைவில் எதையும் பார்க்காதே' என்று. லைசென்ஸ் சரிபார்க்கிற தளங்களுக்குப் போகாதபடி, எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் கைவைத்திருந்தார்கள், அதனால் ஆன்டிவைரஸ் அப்டேட்டும் ஆகாது. வீட்டுக்குப் பூட்டு போடச் சொன்னால் பூட்டையும் போட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்டுப் போன மாதிரி. அந்த ஆன்டிவைரஸை நீக்குவதுதான் இந்த மொத்த வேலையிலேயே எரிச்சலான பகுதி, அன்இன்ஸ்டால் பாதியில் நின்று நின்று போனது. சேஃப் மோடில் போய்த்தான் முடிந்தது.

டிஃபென்டரை எழுப்பி, எக்ஸ்க்ளூஷனை எடுத்துவிட்டு, நெட்டைக் கொடுத்து அப்டேட் செய்து, 'ஆஃப்லைன் ஸ்கேன்' போட்டேன். இது விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் செய்யும், சுமார் 15 நிமிடம் ஆகும். முடிந்த பிறகு ஃபுல் ஸ்கேனும் ஒன்று ஓடவிட்டேன். டெம்ப் ஃபோல்டரில் நான் கவனிக்காத ஒரு நகலைப் பிடித்து, 'ஜென்க்ஸ்கஸ்' என்று பெயரும் சொன்னது. இந்த வகையறாவுக்கு எதிராக 2014-லேயே மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு வாங்கி அது பேசிக்கொண்டிருந்த இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அப்படியும் நம்மூர் பென்டிரைவ்களில் இன்னும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. வெறும் ஷார்ட்கட் தொல்லை என்று இதை விட்டுவிட முடியாது, வெளியிலிருந்து ஒருவர் உங்கள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை அனுப்பவும் இது கதவைத் திறந்துவைக்கும். அதனால் பேங்க், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். போனில் மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

கம்ப்யூட்டர் சுத்தமான பிறகும் பென்டிரைவ்கள் அப்படியேதான் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டால் இவ்வளவும் வீண். வீட்டில் இருப்பவை, மகளின் பையில் இருப்பது, காரில் பாட்டு கேட்கச் செருகியது, எல்லாவற்றையும் சேகரியுங்கள். எதையும் எக்ஸ்ப்ளோரரில் டபுள் கிளிக் செய்யாமல், கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அந்த டிரைவுக்குப் போய், முதலில் ஷார்ட்கட்டுகளையும் விபிஎஸ் ஃபைலையும் அழித்துவிட்டு, மறைவுக் குறிகளை எடுக்கும் 'ஆட்ரிப்' (attrib) கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் கொடுத்து, உள்ஃபோல்டர்களுக்கும் சேர்ந்து ஓட ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி போட்டால் மறைந்தவை எல்லாம் வெளியே வந்துவிடும். டிரைவ் எழுத்தைச் சரிபார்த்துவிட்டுத் தட்டுங்கள். தவறி சி டிரைவில் ஓடவிட்டால் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஃபைல்கள் எல்லாம் சந்திக்கு வந்துவிடும். சில வகை வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவைக்கும், பார்த்தால் வெற்றிடம் போலத் தெரியும். அதைக் காலி ஃபோல்டர் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், உங்கள் சொத்து முழுக்க அதற்குள்தான் இருக்கும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இந்தக் கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தபோது கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது. 'குடும்ப போட்டோ' மஞ்சள் ஃபோல்டராக வெளியே வந்தது, பிராப்பர்ட்டீஸில் 60 ஜிபிக்கு மேல். கடைத் தம்பி எடுத்த பேக்கப் உண்மையில் நல்ல பேக்கப்தான், அவருக்கே அது தெரியவில்லை.

மறுபடி வராமல் இருக்க நான் செய்தது: விபிஎஸ் ஃபைல்களை ஓடவிடுகிற விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டை ரெஜிஸ்ட்ரியில் முடக்கிவிட்டேன். வீட்டில் யாருக்கும் விபிஎஸ் ஓட வேண்டிய அவசியமில்லை, மைக்ரோசாஃப்டே 2023-ல் அந்த விபிஎஸ் ஃபைல்களின் மொழியான விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. விண்டோஸ் ஆக்டிவேஷனைச் சரிபார்க்கிற ஸ்கிரிப்டும் இதனால் ஓடாது, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயங்குபவர்கள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தைப் பாருங்கள், இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கியது, வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு இப்போது பென்டிரைவ் கொண்டுபோவதில்லை, மெயிலில் அனுப்பி அங்கே திறக்கச் சொல்கிறேன். நம் மெயிலை அவர்கள் கம்ப்யூட்டரில் லாகின் செய்யாதீர்கள், கடையின் மெயிலுக்கு அனுப்பினால் போதும். கட்டாயம் கொண்டுபோக வேண்டுமென்றால், ஓரத்தில் லாக் பட்டன் உள்ள எஸ்டி கார்டு அடாப்டர் நல்லது, பெரும்பாலான ரீடர்கள் அதை மதித்து எதையும் எழுதவிடாது. கடைக்காரரிடம் அவர் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதைச் சொன்னேன். "அது கஸ்டமருங்க கொண்டு வர்றது சார், நாங்க என்ன பண்றது" என்றார். பின்னால் நின்ற ஒரு காலேஜ் பையன் மட்டும் தன் பென்டிரைவைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டான்.

சர்வீஸ் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டும் பார்த்தேன். ஆன்டிவைரஸ் சும்மா போட்டுக் கொடுத்தோமே, அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.