பயிற்சி நிருபரின் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

நகராட்சிக் கூட்டத்தைப் பற்றி நான் எழுதிய செய்தியின் முதல் பத்தியைச் செய்தி ஆசிரியர் ஒரே கோட்டில் அடித்துவிட்டார். கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் தலைமை தாங்கினார் என்று நடந்த வரிசையிலேயே எழுதியிருந்தேன். குடிநீர்க் கட்டணம் உயரும் விவரம் ஏழாம் பத்தியில் கிடந்தது. அதை எடுத்து மேலே வைத்து, "இதுதான் இன்ட்ரோ", அதாவது செய்தியின் தொடக்கப் பத்தி, என்றார். முக்கியமானதில் தொடங்கி மற்றவற்றைக் கீழே அடுக்கும் இம்முறைக்குத் தலைகீழ் பிரமிடு என்று பெயர். இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள் என்பதால், கடைசிப் பத்திகள் போனாலும் செய்தி நிற்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

டெட்லைன் என்பது செய்தியைக் கொடுத்து முடிக்க வேண்டிய நேரம். டேட்லைன் என்பது செய்தியின் தொடக்கத்தில் ஊரையும் தேதியையும் குறிக்கும் வரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்று சிரிப்புக்கு ஆளானேன்.

மார்ச் 7, வெள்ளி

ஓர் அதிகாரியிடம் அரை மணி நேரம் பேட்டி எடுத்தேன். பணி தாமதமானதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டு, நான் எழுந்தபோது, "இதெல்லாம் ஆஃப் தி ரெக்கார்டு, தம்பி" என்றார், அதாவது வெளியிடக் கூடாது. பேசிய பிறகு ஒருவர் தாமாகவே விதிக்கும் நிபந்தனை நிருபரைக் கட்டுப்படுத்தாது என்றும், பேசுவதற்கு முன்பே இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றும் செய்தி ஆசிரியர் விளக்கினார். ஆனால் நான் அப்போது தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். "தலையாட்டினாயா? அப்படியானால் வாக்குக் கொடுத்துவிட்டாய்" என்றார். அந்தக் காரணத்தை இனி வேறொருவரிடமிருந்தோ ஆவணத்திலிருந்தோதான் பெற வேண்டும்.

ஆன் தி ரெக்கார்டு என்றால் பெயரோடு வெளியிடலாம், இதில் குழப்பமில்லை. பெயர் சொல்லாமல் பதவியை மட்டும் குறிப்பிடலாமா, நம் புரிதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதில்தான் சிக்கல். 'பின்னணித் தகவல்' என்ற ஒரே சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் கொள்வதால், சொல்லை நம்பாமல் நிபந்தனையை முழு வாக்கியமாகக் கேட்டுக்கொள்வதே நல்லது என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 12, புதன்

எம்பார்கோ என்றால், முன்கூட்டியே தரப்படும் செய்தியைக் குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததை நேரில் கண்ட ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம்) நிருபர் எட்வர்ட் கென்னடி, ஜெர்மன் வானொலியே அதை அறிவித்துவிட்டதைக் காரணம் காட்டித் தடையை மீறிச் செய்தி அனுப்பினார். அவரை வேலையிலிருந்து நீக்கிய ஏ.பி., 2012இல்தான் மன்னிப்புக் கேட்டது. கென்னடி செய்தது சரி என்றே நினைக்கிறேன். எங்கள் மேசையில் பாதிப்பேர் ஒப்பவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றைய பேட்டியில் முதல் கேள்விக்கு முன்பே நிபந்தனையைக் கேட்டேன். ஒப்பந்ததாரர் சற்று யோசித்துவிட்டு, "பதவியைப் போடுங்கள், பெயர் வேண்டாம்" என்றார். "வேலை தாமதமா?" என்று கேட்டிருந்தால் "ஆமாம்" என்பதோடு முடித்திருப்பார், "எந்த நாளில் வேலை நின்றது, அன்று என்ன நடந்தது?" என்று கேட்டதால், கோப்பைத் திறந்து கடிதத்தையே காட்டினார். போன வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி சொன்ன அதே காரணம் அதில் கையெழுத்தோடு இருந்தது.