வெள்ளை வண்டி: மே மாத நாட்குறிப்பு

மே 3, வெள்ளி

அண்ணன் போன் செய்தான். வண்டியை வாங்கப்போகிற பெங்களூர்க்காரர் நேரில் பார்க்க வருவாராம், தேதியைப் பிறகு சொல்கிறானாம். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா சொல்லமாட்டாள். நானும்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு டிரைபாடை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ராத்திரி பதினோரு மணிக்கும் பானெட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

தெருமுனையில் பழைய சோடியம் விளக்கு. எதிர்வீட்டுக் கம்பத்தில் புது எல்இடி. நடுவில் எங்கள் அம்பாசிடர். படத்தில் பின்பக்கம் ஆரஞ்சு, முன்பக்கம் நீலம். எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்வதுதான் ஒயிட் பேலன்ஸ். அதை சோடியத்துக்கு வைத்தால் முன்பக்கம் இன்னும் நீலமாகிறது. எல்இடிக்கு வைத்தால் பின்பக்கம் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு விளக்குக்கும் பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. சிவப்பு வண்டியாக இருந்தால் கொஞ்சம் மறைத்துக்கொள்ளும். வெள்ளை எதையும் மறைக்காது, மேலே விழுகிற வெளிச்சத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

எனக்கு அந்த வெள்ளை வேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து நிறுத்துவாரே, அந்த வெள்ளை.

மே 6, திங்கள்

இன்று பிடிபட்டவை. சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் திறந்திருப்பது பதினைந்து வினாடி. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் நம்பர் பிளேட்டில் டார்ச் அடித்து ஃபோகஸ் பிடித்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் லென்ஸைத் தொடவே கூடாது. ஷட்டரை விரலால் அழுத்தினால் அந்த ஆட்டமே படத்தில் விழும், அதற்கு இரண்டு வினாடி டைமர். டிரைபாடில் இருக்கும்போது, கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் அணைந்திருக்க வேண்டும். கேமரா கை வைக்காத மூலப்படமான ரா ஃபைல் கட்டாயம்.

வெள்ளை இன்னும் வரவில்லை.

மே 7, செவ்வாய்

கரண்ட் போச்சு, தெருவிளக்கும் அணைந்தது. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியைக் கழற்றுவதற்குள் வந்துவிட்டது.

மே 9, வியாழன்

இன்று அப்பாவின் இடது கையில் கட்டைவிரல் அசைந்தது. அம்மா நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

மாலை திண்ணையில் உட்கார வைத்தோம். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வங்காளத்தில் "மெதுவா, மெதுவா".

அப்பாவுக்குக் காட்பாடி ஸ்டேஷனில் ராத்திரி சவாரி. ஹவுரா பக்கமிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நடுராத்திரியில் பெட்டி, படுக்கை, நடக்கமுடியாத ஒருவர் என்று இறங்குவார்கள். வேலூருக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் என்றைக்கும் குறைந்ததில்லை. அம்பாசிடரைப் பார்த்ததும் அவர்கள் முகம் கொஞ்சம் தெளியும் என்பார் அப்பா. ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் செய்த வண்டி, அவர்கள் ஊர் வண்டி. நோயாளியைப் பின்சீட்டில் படுக்க வைக்கும்போது கூட வந்தவர்கள் சொல்லும் வார்த்தைதான் அந்த ஆஸ்தே. அப்பா அதைக் கேட்டுக் கேட்டு, பாலாற்றுப் பாலத்தில் ஒரு பள்ளம் விடாமல் ஒதுக்கி ஓட்டுவார்.

தமிழ் வார்த்தைகள் பாதி போய்விட்டன. இது போகவில்லை.

பகலில் எடுத்தால் வெள்ளை சுலபமாக வரும், ஏன் ராத்திரியில் அல்லாடுகிறாய் என்று அண்ணன் கேட்டான். இது ராத்திரி வண்டிடா. வேறென்ன சொல்ல?

மே 10, வெள்ளி

வெறும் டார்ச்சைக் காட்டியபடி வண்டியோரம் நடந்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க உடம்பில் ஒல்லியான ஒரு கோடு விழுகிறது. கார் பெயின்ட் கிட்டத்தட்டக் கண்ணாடி. நாம் எடுப்பது வண்டியை இல்லை, வண்டியில் தெரியும் விளக்கின் பிம்பத்தை. விளக்கு சின்னதானால் பிம்பமும் சின்னது. அம்பாசிடருக்குத் தட்டையான இடமே கிடையாது. பானெட், மட்கார்டு, டிக்கி எல்லாம் உருண்டை, அதனால் கோடு இன்னும் ஒடுங்கிவிடுகிறது.

பெரிய விளக்கு வேண்டும். அப்பாவின் எட்டு முழ வேட்டியைத் துணிக்கொடியில் விரித்துக் கட்டி, டார்ச்சை வேட்டிமேல் அடித்தேன். வேட்டியே விளக்காகிவிட்டது. மட்கார்டின் வளைவு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வந்தது. முதல் தடவையாக அது எங்கள் வண்டி மாதிரி இருக்கிறது.

அம்மா கதவைத் திறந்து, "நல்ல வேட்டிடி அது" என்றாள். அப்புறம் அவளே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருவிளக்கின் ஆரஞ்சு மட்டும் டிக்கிப் பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மே 12, ஞாயிறு

படங்களில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். லென்ஸ் தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. சென்சார் சூடு. நீண்ட எக்ஸ்போஷரில் சூடு ஏற ஏற இந்தப் புள்ளிகள் பெருகும், வேலூர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். இரைச்சல் குறைப்பைப் போட்டால் கேமரா அதே நேரத்துக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்துப் புள்ளிகளைக் கழித்துவிடுகிறது. முப்பது வினாடி எடுத்தால் இன்னொரு முப்பது வினாடி காத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் காத்திருப்பது பழகிவிட்டது.

மே 14, செவ்வாய்

வைகாசி ஒண்ணு. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ரோடு முழுக்க வண்டி. பக்கத்து வீட்டுத் தம்பியோடு பாலாற்றுப் பாலத்துக்குப் போனேன். வருகிற வண்டிகள் வெள்ளைக் கோடு, போகிற வண்டிகள் சிவப்புக் கோடு. லாரி ஏறும்போதெல்லாம் பாலம் அதிர்ந்து கோடு நெளிகிறது. லாரி இல்லாத இடைவெளியில்தான் ஷட்டரைத் திறக்க வேண்டும்.

தம்பிக்கு ஒரே சந்தோஷம், உடனே ஸ்டேட்டஸில் போட்டான். என் மனம் ஒட்டவில்லை. கோட்டில் எந்த வண்டி என்று தெரியாது. நான் பிடிக்க நினைப்பது நிற்கிற வண்டியை.

மே 16, வியாழன்

அண்ணனே அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டான்.

மே 17, வெள்ளி

அப்பா சாப்பிடவில்லை.

மழை பெய்தது. ரோட்டில் நீர் தேங்கி வண்டி தலைகீழாகத் தெரிந்தது. எடுக்கப் போகவில்லை.

மே 19, ஞாயிறு

சாயங்காலம் அப்பாவே வண்டியைக் காட்டிக் கையசைத்தார். நானும் தம்பியும் தாங்கிப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். ஸ்டியரிங்கின் மேல் வலது கை. இறங்க மாட்டேன் என்றார்.

சரி, அப்படியே எடுப்போம் என்று தோன்றியது. ஹெட்லைட்டைப் படம் முழுக்க எரியவிட்டால் முன்பக்கம் வெறும் வெளிச்சப் பந்தாகிவிடும். கிரில், பம்பர் எதுவும் தெரியாது. பதினைந்து வினாடியில் ஒரே ஒரு வினாடி எரிந்தால் போதும், கண்ணாடிக்குள் இருக்கும் கோடுகள்கூட வரும். அதற்கு உள்ளே ஓர் ஆள் தேவை.

"அப்பா, நான் இப்போன்னு சொன்னதும் போட்டு, உடனே அணைச்சிடுங்க."

தலையாட்டினார். நான் வேட்டியோடும் டார்ச்சோடும் வண்டியைச் சுற்றினேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்காமல் நடந்தால் நடக்கிறவர் படத்தில் பதிவதில்லை. "இப்போ." டக். வெளிச்சம் தெருக்கோடி வரை பாய்ந்து அணைந்தது. எத்தனை வருஷம் ராத்திரியில் எதிர் வண்டிக்கு டிம் அடித்த கை. ஒரு வினாடி என்றால் ஒரு வினாடிதான்.

கதவைத் திறந்து திரையைக் காட்டினேன். டிக்கிப் பக்கத்து ஆரஞ்சின் மேல் விரலை வைத்து, இல்லை என்பதுபோல் தலையசைத்தார். அவருக்கும் அதுதான் தெரிகிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மே 20, திங்கள்

வியாழக்கிழமை காலையில் ஆள் வருகிறார்.

மே 21, செவ்வாய்

தூக்கம் வராமல் மொட்டைமாடியில் இருந்தபோது தோன்றியது. நிலா. நிலா வெளிச்சம் வெயிலேதான், தட்டித் திரும்பி வருகிறது. முழுநிலவு சூரியனைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு மங்கல், அவ்வளவுதான். நிறம் கிட்டத்தட்ட அதேதான். நம் கண்ணுக்கு அந்த மங்கலில் நிறம் பிடிபடாது, கேமராவுக்குப் பிடிபடும். தெருவிளக்கே இல்லாத இடத்தில், எஃப் 4, ஐஎஸ்ஓ 400, முப்பது வினாடி. ஒயிட் பேலன்ஸைப் பகல் வெயிலில் வைத்துவிடலாம். ஒரே விளக்கு. பாதி மஞ்சள் பாதி நீலம் என்ற பேச்சே இல்லை.

பௌர்ணமி வியாழக்கிழமை. வண்டி வியாழக்கிழமை காலையில் போகிறது.

மே 22, புதன்

அண்ணனிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அட்வான்ஸ் வாங்கியாச்சு, அவரிடம் எப்படிச் சொல்வது என்றான். கத்தினேன். அவனும் கத்தினான். ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டினது என்றான். அது உண்மை, அதற்குப் பதில் இல்லை. அப்பா அடுத்த அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இரவு ஒன்பதரைக்கு அவனே கூப்பிட்டான். "வெள்ளிக்கிழமை காலைல வரச் சொல்லிட்டேன். அப்பாவை ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போ."

மே 23, வியாழன்

பேட்டரி இரண்டும் ஏற்றியாகிவிட்டது. வண்டி பேட்டரிதான் படுத்துவிட்டது. தம்பியும் அவன் நண்பர்களும் தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். இனி வழியில் இன்ஜினை அணைக்கக் கூடாது. ஆனால் ஓடுகிற டீசல் இன்ஜினோடு முப்பது வினாடி எடுத்தால் வண்டியே நடுங்கிப் பதிவாகும். அங்கே போய் அணைத்துத்தான் ஆகவேண்டும். சரிவில் நிறுத்தினால் திரும்ப உருட்டி எடுத்துவிடலாம். வள்ளிமலை ரோட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, விளக்கு கிடையாது, அப்பா கை காட்டுவார்.

ஏழு மணிக்குக் கிழக்கே மேகம். எட்டு மணிக்கும் மேகம். காட்பாடிப் பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

அப்பா சட்டை மாற்றச் சொல்லிவிட்டார். காக்கிச் சட்டைதான் வேண்டுமாம், அம்மா பீரோவில் தேடுகிறாள். ஒன்பதே கால். தம்பி ஹாரன் அடிக்கிறான், கிளம்ப வேண்டும், மீதியை வந்து