உள்ளங்காலைக் காட்டுங்கள்

கை அரிப்புக்குத்தான் அந்த அம்மா வந்திருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை எப்படித் தடவ வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். எழுந்து போனபோது வலது காலைச் சாய்த்து வைத்து நடந்தார். "காலில் என்னம்மா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல சிஸ்டர், கால் ஆணி. ஒன்றரை வருஷமா இருக்கு. பிளாஸ்டர் போட்டுப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது."

செருப்பைக் கழற்றி ஸ்டூலில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். குதிகாலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கறை. ஒரு பக்கம் பழுப்பு, இன்னொரு பக்கம் மை கொட்டியதுபோல் கறுப்பு. ஓரம் நெளிந்து நெளிந்து போனது. நடுவில் சின்னதாக ஒரு புண். முன்பு காட்டிய இடத்தில் இரண்டு தடவை அதைச் சீவிவிட்டிருக்கிறார்கள். சீவி எடுத்ததை யாரும் பயாப்ஸிக்கு அனுப்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

டாக்டர் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி அது. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளங்கால் தோல் ஏர் ஓட்டிய நிலம்போல இருக்கும். மேடும் பள்ளமுமாக இணையான கோடுகள். மேட்டின் உச்சியில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவை வியர்வைத் துளைகள். சாதாரண மச்சம் என்றால் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். அந்த அம்மாவின் காலில் மேட்டின் மேல் பட்டை பட்டையாகப் படிந்திருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த அம்மாவிடம் பேசிய குரலே வேறாக இருந்தது.

பயாப்ஸி முடிவு மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய் அது. தடிமன் 4.2 மில்லிமீட்டர்.

இந்த மில்லிமீட்டர் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலனோமா தோலுக்குள் எவ்வளவு தடிமனாக இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே நோயின் போக்கைப் பெரிதும் கணிக்கலாம் என்று 1970இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் காட்டினார். இன்றும் ரிப்போர்ட்டில் எங்கள் கண் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். ஓர் ஏடிஎம் கார்டை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். அதன் கனம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குள், மேலே புண்ணாகாமல் இருக்கும்போதே அகப்பட்டுவிட்டால், சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுப்பதோடு பெரும்பாலானவர்களுக்கு வைத்தியம் முடிந்துவிடும். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அளவுகோலின் கடைசிப் படி. ஒன்றரை வருடத்தில் அந்த அம்மாவின் கைநழுவிப் போனது அவ்வளவுதான், சில ஏடிஎம் கார்டுகளின் கனம்.

தோல் புற்றுநோய் என்றாலே வெயிலும் வெள்ளைத் தோலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அது தப்பில்லை. வெளிர்ந்த தோலுள்ளவர்களுக்குத்தான் மெலனோமா அதிகம் வருகிறது, பெரும்பாலும் வெயிலால். கறுத்த தோலில் இது அரிதுதான். ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து வருகிறது. அதனால் தாமதமாகவே பிடிபடுகிறது. பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இதே வகைதான், கால் கட்டைவிரல் நகத்தின் அடியில். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். அந்த விரலில் கால்பந்து விளையாடி அடிபட்டது என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள்.

நகத்தில் அடிபட்ட ரத்தக்கட்டையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து நகரும். கைவிரல் நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும், கால் நகம் அதைவிட மெதுவாக. ஆகவே சில வாரங்களில் கறை நுனியை நோக்கி நகர்ந்து, அடியில் வெள்ளை நகம் முளைத்திருக்க வேண்டும். அப்படி நகராமல் ஒரே கோடாக நிற்கிறது, அகலமாகிறது, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு படர்கிறது என்றால் தாமதிக்கவே கூடாது. மச்சத்துக்கும் பாடம் உண்டு: இரண்டு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், நெளிந்த ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாற்றம். என்னைக் கேட்டால் இந்தக் கடைசிச் சொல் ஒன்றை நினைவில் வைத்தாலே போதும். போன வருடம் இருந்ததுபோல் இந்த வருடம் இல்லை என்றால் காட்டிவிடுங்கள்.

வெயில் விஷயத்தில் நான் சொல்வது எளிதானதுதான். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் நிழலுக்குப் போங்கள். போக முடியாதவர்கள் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றையும் பயன்படுத்துங்கள். வெயிலைத் தடுக்கும் அளவாக சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30 என்று போட்டிருப்பது தாராளமாகப் பூசினால்தான் பலிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இதெல்லாம் வெறும் பேச்சில்லை. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1600 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும், விருப்பம்போல் விட்டவர்களில் 22 பேருக்கும் மெலனோமா வந்தது. தோலைக் கறுக்க வைக்கும் டானிங் படுக்கையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009இல், புற்றுநோய் உண்டாக்குபவை என்று சிகரெட் இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தது. ஆனால் உள்ளங்கால் மெலனோமாவுக்கு வெயில் பெரிய காரணமில்லை. "நான் வெயிலுக்கே போறதில்ல சிஸ்டர்" என்று சொல்பவர்களும் காலைத் தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

2009இல் நான் புற்றுநோய் மருந்தேற்றும் பிரிவுக்கு மாறினேன். மூன்றாம் மாதம் அந்த அம்மா அங்கே வந்தார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது, நுரையீரலுக்கும் போயிருந்தது. அப்போது எங்களிடம் இருந்தது டகார்பசின். 1975 முதல் அதுதான் முக்கிய மருந்து. பத்துப் பேரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோ கட்டி சுருங்கும், அதுவும் நிலைக்காது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பையின் மேல் கறுப்பு உறை போட்டுத் தொங்கவிடுவோம். "மத்தவங்களுக்கெல்லாம் வெள்ளைப் பை, எனக்கு மட்டும் ஏன் கறுப்பு?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம்தான் இருந்தார்.

அவர் போன பிறகுதான் எல்லாம் மாறியது. 2011இல் அமெரிக்காவில் இபிலிமுமாப் என்ற மருந்து அனுமதி பெற்றது. 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். இவை நேராகப் புற்றைத் தாக்குவதில்லை. நோயை எதிர்க்கும் நம் உடம்பின் டி செல்களுக்குப் பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கை இந்த மருந்துகள் விடுவிக்கின்றன, மற்றதை டி செல்களே பார்த்துக்கொள்கின்றன. இதற்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய மெலனோமாவுக்கு இபிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024இல் முடிவு வந்தது. அதைப் படித்த அன்று அந்தக் கறுப்பு உறைதான் என் நினைவில் நின்றது.

பிரேக் விட்டால் சொந்த உடம்பையும் டி செல்கள் தாக்கலாம். அதனால் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன்: பேதியானால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே போன் செய்யுங்கள். குடல் அழற்சியைச் சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டில் அடங்கும். பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரைகளும் இருக்கின்றன. நோயாளியின் கட்டியிலிருந்தே டி செல்லை எடுத்துப் பெருக்கி அவருக்கே திருப்பி ஏற்றும் சிகிச்சைக்கும் 2024இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் உள்ளங்கால் வகையில் பிராஃப் மாற்றம் குறைவு, பிரேக்கை விடுவிக்கும் இம்யூனோதெரபி மருந்துகளும் மற்ற வகைகளில் கேட்கும் அளவுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் இத்தனை மருந்து வந்த பிறகும் நான் கால்களைப் பார்ப்பதை விடவில்லை.

போன மாதம் ஒரு பெரியவருக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. மெலனோமாவுக்குத்தான், ஏழாவது தடவை. ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாக வந்திருந்தது. பக்கத்தில் மகன் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். "தம்பி, அதைக் கழற்றுங்க" என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டார். அப்பா சொன்னதும் சாக்ஸையும் கழற்றினார். இடது பாதத்தின் வளைவில், மிளகு அளவுக்கு ஒரு பழுப்பு மச்சம். தனக்கு அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கையோடு தோல் பிரிவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். பள்ளத்தில்தான் நிறம். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போனில் படம் எடுத்துத் தேதி குறித்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.