ஆறு ஃப்ரேம்

நண்பனும் நானும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்த இரண்டு வருடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, கேப்ரியல் ஸெவினின் 'டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ' நாவலைப் படித்த பிறகுதான் எங்கே தொடங்குவது என்று பிடிபட்டது. 2022இல் வந்த நாவல். சாம், சேடி இருவரும் சிறுவயதில் மருத்துவமனையில் கேம் விளையாடிப் பழகி, கல்லூரிக் காலத்தில் 'இச்சிகோ' என்ற கேமைச் சேர்ந்து உருவாக்குகிறார்கள். பெரிய வெற்றி. ஆனால் வெளியே முகம் காட்டுகிறவன் சாம் என்பதால் அது அவனுடைய கேம் என்றே பலரும் நினைக்கிறார்கள், சேடிக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் கேமில் கதையும் படங்களும் அவன், கோடிங் முழுக்க நான். கதாபாத்திரம் குதிப்பதற்கு மட்டும் மூன்று வாரம் போனது. பாறை விளிம்பைத் தாண்டிய பிறகு பட்டனை அழுத்தினாலும் ஒரு கண நேரம் குதிக்க விட வேண்டும், 'கயோட்டி டைம்' என்பார்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் தனிப் படங்கள்) ஓடும் கேமில் நான் 6 ஃப்ரேம் வைத்தேன், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. 4 வைத்தால் 'நான் அழுத்தினேனே' என்று எரிச்சல் வரும், 10 வைத்தால் காற்றில் நடப்பது தெரிந்துவிடும். சரியாக அமைந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. எல்லோரும் படங்களைப் பாராட்டினார்கள். ஒரு பேட்டியில் அவன் "என் கேம்" என்றான், அப்புறம் நாங்கள் பேசுவது குறைந்துபோனது.

பெயர் விஷயம் இந்தத் துறையில் பழசு. டிவியில் மாட்டி விளையாடும் அடாரி 2600 கருவியின் காலத்தில் கேம் செய்தவர் பெயரை அடாரி நிறுவனம் போடாது, வாரன் ராபினெட் தன் 'அட்வென்ச்சர்' கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி அதில் பெயரை ஒளித்து வைத்தார்.

நாவலில் எனக்குப் பிடித்தது, சாமின் பக்கத்தையும் அது விடாமல் சொல்வதுதான். அதைப் படிக்கும்போது நினைவு வந்தது, அந்தப் பேட்டிக்கு அவன் என்னையும் கூப்பிட்டான், கோடில் இருந்த ஒரு பிழையைச் சரிசெய்ய வேண்டும் என்று நான்தான் போகவில்லை. அந்த மூன்று வாரத்தில் என்ன செய்தேன் என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதும் இல்லை.

போன வாரம் போன் செய்து சொன்னேன். பழைய ஃபைலைத் தேடித் திறந்து, 6ஐ 4 ஆக்கி விளையாடிப் பார்த்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டேய், விழுந்துட்டேன்டா" என்றான்.